போலிஷ் மெனுவைத் தமிழ் வேற்றுமை கொண்டு படிப்பது எப்படி

போலிஷ் மொழியில் ஏழு வேற்றுமைகள் உண்டு. பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர் இதைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிடுவார். பள்ளியிலேயே "ஐ, ஆல், கு, இன், அது, கண்" என்று ஒப்பித்துவிட்ட மொரீசியஸ் தமிழருக்கு அந்தப் பயம் தேவையில்லை. நம்மிடம் எட்டு இருக்கிறது.

கிராண்ட் பே, ஃபிளிக் அன் ஃபிளாக், பெல் மார் பக்கத்து ஓட்டல் உணவகங்களில் போலந்து விருந்தினருக்குப் பரிமாறுபவர்களுக்கும், படிப்புக்கோ வேலைக்கோ போலந்து போகிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. உணவகத்தில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பேசப்படும் வாக்கியங்கள் சில டஜன்தான். ஆனால் எல்லா வேற்றுமைகளும் அவற்றுக்குள் வந்துவிடுகின்றன. ஒரே சொல் "கொடுங்கள்" என்றால் ஒரு முடிவு, "இல்லாமல்" என்றால் ஒரு முடிவு, "சேர்த்து" என்றால் இன்னொரு முடிவு என்று மாறுவதை ஒரே சாப்பாட்டு மேசையில் கேட்கலாம்.

வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, அதோடு தமிழ் என்று மூன்று மொழிகள் நம்மிடம் உள்ளன. எந்த வாக்கியத்துக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆண்பால், பெண்பால் என்ற வேறுபாட்டுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் உதவும். வேற்றுமைக்குத் தமிழ். கிரியோல் இலக்கணத்துக்கு உதவாது, உச்சரிப்பில் உபத்திரவமே செய்யும்.

முதலில் ஒலி

இங்கே போலிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். இது அண்ணளவுதான். மெனுவில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு, போலந்துக்காரர் ஒருவர் சொல்வதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். குறில் "இ" எழுதியிருந்தால் அது நாக்கைச் சற்றுப் பின்னிழுத்துச் சொல்லும் மங்கலான இகரம். "ஈ" என்றால் நம் தெளிவான ஈகாரம், ஆனால் அவ்வளவு நீட்ட வேண்டாம். போலிஷில் குறில் நெடில் வேறுபாடே கிடையாது. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்.

சொல்லின் கடைசியில் வால் போட்ட "ஏ" (ę) வந்தால் மூக்கொலி இல்லாமல் வெறும் எகரமாகச் சொன்னால் போதும். பிரெஞ்சுப் பழக்கத்தில் அதை மூக்கால் இழுப்பவர்கள் உண்டு, தேவையில்லை. வால் போட்ட "ஆ" (ą) அப்படியல்ல. அது பிரெஞ்சு "போன்" என்பதில் வரும் மூக்கு ஒகரம். அதை இங்கே "ஒன்" என்று எழுதுகிறோம். கடைசி "ன்" நாக்கு நுனி தொடாமல் மூக்கிலேயே நிற்க வேண்டும். இந்த இரண்டு வால்களையும் குழப்பினால் வேற்றுமையே மாறிவிடும்.

கிரியோல் செய்யும் உபத்திரவம் இதுதான்: பிரெஞ்சு "ஷ", "ஜ" ஒலிகளைக் கிரியோல் "ஸ" ஒலிகளாக்கிவிட்டது. "ஷாந்தே" நமக்கு "சாந்தே", "மான்ஜே" நமக்கு "மான்ஸே". அதே வாயோடு "போப்ரோஷெ" சொன்னால் "போப்ரோஸெ" ஆகிவிடும். "ஜூரெக்" என்ற சூப் "ஸூரெக்" ஆகிவிடும். பிரெஞ்சு பேசும்போது வாயை எப்படி வைக்கிறீர்களோ அப்படி வையுங்கள்.

"போப்ரோஷெ" என்றதும் இரண்டாம் வேற்றுமை

உணவகத்தில் முதலில் வேண்டிய சொல் "போப்ரோஷெ". "எனக்கு இதைக் கொடுங்கள்" என்பதன் மரியாதையான வடிவம் அது. அதற்குப் பின் வரும் உணவின் பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கும். போலிஷ் இலக்கணத்தில் அதன் பெயர் "ப்யெர்னீக்".

மெனுவில் "காவா" என்று இருக்கும் காப்பியைக் கேட்கும்போது "போப்ரோஷெ காவெ" என்பீர்கள். தேநீர் "ஹெர்பாத்தா", கேட்கும்போது "ஹெர்பாத்தெ". தண்ணீர் "வோதா", "வோதெ". சூப் "ஸூப்பா", "ஸூப்பெ". ஆகாரத்தில் முடிபவை பெரும்பாலும் பெண்பால். அவை எகரமாக மாறும். "போப்ரோஷெ காவா" என்று சொன்னாலும் காப்பி வரும், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் காதுக்கு "காப்பி கொடு" என்பதற்குப் பதில் "காப்பி கொடுக்கிறது" என்பது போல இருக்கும்.

ஓகாரத்தில் முடிபவை அலிப்பால், அதாவது ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல. "பீவோ" (பீர்), "வீனோ" (திராட்சை மது), "ம்லெக்கோ" (பால்) ஆகியவை இரண்டாம் வேற்றுமையில் மாறுவதே இல்லை. "போப்ரோஷெ பீவோ" சரி.

ஆண்பால்தான் சுவாரசியம். மெய்யெழுத்தில் முடிபவை பெரும்பாலும் ஆண்பால். அவற்றில் உயிரற்றவை பெரும்பாலும் மாறா: "போப்ரோஷெ ஸோக்" (பழச்சாறு), "போப்ரோஷெ ஜூரெக்". உயிருள்ளவற்றின் பெயர் ஆகாரம் ஏற்கும். கோழி "கூர்ச்சாக்", கேட்கும்போது "கூர்ச்சாக்கா". தட்டில் வறுபட்டுக் கிடந்தாலும் இலக்கணத்தில் அதற்கு உயிர் இருக்கிறது. சால்மன் மீன் "வோஸோஷ்", கேட்கும்போது "வோஸோஷா".

இதற்குத் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் கொடுங்கள்" என்கிறோம், ஐ உருபு தேவைப்படுவதில்லை. "அப்பாவைக் கூப்பிடு" என்பதில் ஐயை விட்டால் வாக்கியம் நொண்டும். உயர்திணைக்கு உருபு கட்டாயம், அஃறிணைக்கு விடலாம் என்ற அதே உணர்வுதான் போலிஷிலும். கோடு மட்டும் வேறிடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது: நாம் மனிதருக்கும் மற்றவற்றுக்கும் இடையே கிழிக்கிறோம், அவர்கள் ஒருமையில் உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் இடையே கிழிக்கிறார்கள், அதுவும் ஆண்பாலில் மட்டும்.

பன்மையில் அவர்கள் கோடு மனிதருக்கே வந்துவிடுகிறது. ஆனால் ஆண்கள், அல்லது ஆண் ஒருவராவது கலந்த கூட்டம், ஒரு பக்கம். பெண்கள், குழந்தைகள், மாடு, மேசை எல்லாம் மறுபக்கம். தொல்காப்பியர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மொரீசியஸ் ஓட்டலில் இது காதுக்குப் பயன்படும். போலிஷில் மீன் பெயர்கள் பல ஆண்பால். விருந்தினர் "மார்லீனா" என்றால் மார்லின். "தூஞ்சிக்கா" என்றால் "தூஞ்சிக்", அதாவது சூரை மீன். "ஹோமாரா" என்றால் "ஹோமார்", சிங்கி இறால். ஆக்டோபஸ் "ஒஷ்ம்யொர்னீத்ஸா" பெண்பால் என்பதால் "ஒஷ்ம்யொர்னீத்ஸெ" என்று கேட்பார். அகராதியில் தேட வேண்டியது கடைசி உயிரைக் கழற்றிய பிறகுதான்.

இன்னொரு பொறி சூப்பில் இருக்கிறது. தக்காளி சூப்பின் முழுப்பெயர் "ஸூப்பா பொமீதொரோவா". பேச்சில் "ஸூப்பா" உதிர்ந்து, "தக்காளியான" என்ற பெயரடை மட்டும் நிற்கும். பெயரடை எகரம் ஏற்காது, மூக்கு ஒகரம் ஏற்கும்: "போப்ரோஷெ பொமீதொரோவொன்". இரண்டும் சேர்ந்து வந்தால் ஒவ்வொன்றும் தன் வாலோடு வரும். கறுப்புக் காப்பி கேட்க "ச்சார்னொன் காவெ", பச்சைத் தேநீர் கேட்க "ஸ்யெலோனொன் ஹெர்பாத்தெ". பெயரடைக்கு "ஒன்", பெயருக்கு "எ". வாய் இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்கும். இந்த இரண்டு சொற்றொடர்களை மனப்பாடம் செய்தால் மற்றவை தானே சரியாகும். தமிழில் "கறுப்பு" எதற்கும் மாறாது என்பதால் இங்கே பிரெஞ்சைத்தான் நினைக்க வேண்டும்: "வேன் பிளான்", "சோஸ் பிளான்ஷ்" என்று பெயரடை பாலோடு மாறுகிறதல்லவா.

ஆனால் பிரெஞ்சுப் பாலை அப்படியே தூக்கிவராதீர்கள். "சூப்" அங்கும் இங்கும் பெண்பால், சரி. "காஃபே" ஆண்பால், "காவா" பெண்பால். "லே" ஆண்பால், "ம்லெக்கோ" அலிப்பால். பிரெஞ்சு கற்றுத்தருவது "பொருளுக்கும் பால் உண்டு" என்ற பழக்கத்தை மட்டுமே. எது என்ன பால் என்பதைப் போலிஷ் சொல்லின் கடைசி எழுத்து சொல்லிவிடும். உப்பு, "ஸூல்", மெய்யில் முடிந்தும் பெண்பால். அது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "மெனு", "கப்புச்சீனோ", "சூஷீ" போன்ற வந்தேறிச் சொற்கள் எந்த வேற்றுமையிலும் மாறாமல் இருப்பது கற்பவருக்குக் கிடைத்த சலுகை.

இல்லை, இல்லாமல், ஒரு கிளாஸ்: ஆறாம் வேற்றுமை

போலிஷில் அதிகம் உழைக்கும் வேற்றுமை "தொபெவ்ன்யாச்". பெயருக்கு அது நம் ஆறாம் வேற்றுமை, உடைமைக்கு உரியது. ஆனால் நம் ஐந்தாம் வேற்றுமை செய்யும் "இருந்து" வேலையையும் அதுவே செய்கிறது. நமக்கு எட்டும் அவர்களுக்கு ஏழுமாக இருப்பதன் கணக்கு அங்கேதான் முடிகிறது.

உணவகத்தில் அது வரும் முக்கியமான இடங்கள் மூன்று.

முதலாவது எதிர்மறை. "ஸூப்பெ" சாப்பிடுகிறவர், சாப்பிடாதபோது "ஸூப்பி" என்பார். இறைச்சி "ம்யென்ஸோ". "நான் இறைச்சி சாப்பிடுவதில்லை" என்பது "ந்யெ யெம் ம்யென்ஸா". மாட்டிறைச்சி "வொவொவீனா", "ந்யெ யெம் வொவொவீனி". "சூப் இல்லை" என்று வெயிட்டர் சொன்னால் "ந்யெ மா ஸூப்பி". தமிழில் "சூப் இருக்கிறது, சூப் இல்லை" இரண்டிலும் சூப் மாறுவதில்லை. ஆகவே தமிழைப் பிடித்தால் இங்கே தவறும். பிரெஞ்சைப் பிடியுங்கள்: "பா த வியாந்த்" என்று எதிர்மறைக்குப் பின் ஒரு "த" நுழைகிறதே, அந்த இடம்தான்.

இரண்டாவது அளவு. ஒரு கிளாஸ் தண்ணீர் "ஷ்க்லான்கா வோதி", ஒரு கோப்பை வைன் "க்யெலீஷெக் வீனா". பிரெஞ்சில் "அன் வேர் தோ". மறுபடி அந்த "த". கிரியோலில் "என் வேர் திலோ" என்று வெறுமனே சொல்லிவிடுவோம். தமிழிலும் "ஒரு கிளாஸ் தண்ணீர்" தான். கேட்கும்போது அளவுச் சொல் இரண்டாம் வேற்றுமைக்குப் போகும், பொருள் ஆறாம் வேற்றுமையிலேயே இருக்கும்: "போப்ரோஷெ ஷ்க்லான்கெ வோதி". பலர் இரண்டையுமே எகரமாக்கி "வோதெ" என்பார்கள். வேண்டாம்.

மூன்றாவது "பெஸ்", அதாவது "இல்லாமல்". சர்க்கரை "த்ஸுக்யெர்", சர்க்கரை இல்லாமல் "பெஸ் த்ஸுக்ரு". பால் இல்லாமல் "பெஸ் ம்லெக்கா". வெங்காயம் இல்லாமல் "பெஸ் த்ஸெபூலீ". கொத்தமல்லி இல்லாமல் "பெஸ் கொலெந்த்ரி". நம் சமையலைச் சாப்பிட வரும் விருந்தினரிடமிருந்து இதைக் கேட்க வாய்ப்பு உண்டு. இங்கே பிரெஞ்சு "சான்" உதவாது, அதில் "த" கிடையாது. "பெஸ்" என்றால் ஆறாம் வேற்றுமை என்று தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான்.

முடிவுகளை உருவாக்கும் முறை: பெண்பால் ஆகாரம் மங்கலான இகரமாகும், "க" "ல" ஒலிகளுக்குப் பின் ஈகாரமாகும். அலிப்பால் ஓகாரம் ஆகாரமாகும். ஆண்பால் மட்டும் சிலது "ஆ" ஏற்கும், சிலது "உ" ஏற்கும்: ரொட்டி "ஹ்லெப்", "ஹ்லெபா", சாறு "ஸோக்", "ஸோக்கு", சோறு "ரிஷ்", "ரிஜு". உயிருள்ளவை எப்போதும் போல "ஆ". மற்றவற்றுக்கு நம்பகமான விதி இல்லை. போலந்துக் குழந்தைகளும் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

"த்ஸுக்யெர்" என்பது "த்ஸுக்ரு" ஆனபோது நடுவில் ஓர் உயிர் காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். "ஜூரெக்" அப்படியே "ஜூர்க்கு" ஆகிறது. "மரம்" "மரத்தை" ஆவதும் "வீடு" "வீட்டை" ஆவதும் பழகியவர்களுக்கு, உருபு ஏறும்முன் அடிச்சொல் உருமாறுவது புதிதல்ல.

ஆல், ஓடு: மூன்றாம் வேற்றுமை

இங்கேதான் தமிழ் முழுதாகக் கைகொடுக்கிறது. நம் மூன்றாம் வேற்றுமைக்குள் கருவிப் பொருளும் உடனிகழ்ச்சிப் பொருளும் ஒன்றாக இருக்கின்றன: "கரண்டியால்", "பாலோடு". போலிஷில் "நஜென்த்னீக்" என்னும் வேற்றுமையும் இதே இரண்டையும் சுமக்கிறது. "ஓடு" என்றால் முன்னால் "ஸ்" என்ற சிறு சொல் வரும். "ஆல்" என்றால் எதுவும் வராது, முடிவு மட்டுமே.

மெனு முழுக்க "ஸ்" நிறைந்திருக்கும். பால் சேர்த்த காப்பி "காவா ஸ் ம்லெக்யெம்". எலுமிச்சைத் தேநீர் "ஹெர்பாத்தா ஸ் த்ஸித்ரினொன்". ப்யெரோகீ என்பது உள்ளே பூரணம் வைத்த மாவுக் கொழுக்கட்டை; இறைச்சி வைத்தது "ப்யெரோகீ ஸ் ம்யென்ஸெம்". பொரித்த உருளைக்கிழங்கோடு "ஸ் ஃப்ரித்காமீ". முடிவுகள் எளிது: ஆண்பாலும் அலிப்பாலும் "எம்", பெண்பால் "ஒன்", பன்மை எதுவானாலும் "ஆமீ". மெய்கள் நெருங்கி வந்தால் "ஸ்" என்பது "ஸெ" ஆகும்: புளித்த பாலேட்டோடு "ஸெ ஷ்ம்யெத்தானொன்".

இதில் பிரெஞ்சு "அவெக்" நினைப்போடு போனால் கெடும். "கார்டோடு செலுத்துகிறேன்" என்று "ஸ் கார்த்தொன்" சொல்பவர்கள் பிரெஞ்சு வழி வந்தவர்கள். கார்டு கூட வரும் ஆள் அல்ல, கருவி. "ப்வாத்ஸெ கார்த்தொன்", கார்டால் செலுத்துகிறேன். ரொக்கமாக என்றால் "கொத்தூஃப்கொன்". மனத்தில் தமிழில் சொல்லிப் பாருங்கள். "ஆல்" வந்தால் "ஸ்" போடாதீர்கள், "ஓடு" வந்தால் போடுங்கள்.

காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது போலந்து விருந்தினர் கரண்டி தேடினால், "யெமி ப்ராவொன் ரெங்கொன்", வலக்கையால் சாப்பிடுகிறோம் என்று சொல்லலாம். "கையால்" என்பதற்கும் "ரெங்கொன்" என்பதற்கும் இலக்கணத்தில் இம்மியும் வித்தியாசம் இல்லை.

இதே வேற்றுமை நமக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்திலும் வரும். "நான் இன்னார்" என்னும்போது அந்த இன்னார் மூன்றாம் வேற்றுமையில் நிற்பார். சைவ உணவுக்காரர் என்று சொல்ல ஆண் "யெஸ்தெம் வெகெதாரியானீனெம்" என்பார், பெண் "யெஸ்தெம் வெகெதாரியான்கொன்" என்பார். "நான் சைவத்தால்" என்று சொல்வது போல விசித்திரமாகத் தோன்றினாலும் அதுதான் சரி.

சைவம் சாப்பிடுபவர் கேட்க வேண்டியவை

விரதக் காலத்தில் போலந்தில் இருந்தால் இலக்கணம் வயிற்றுப் பிரச்சினை ஆகிவிடும். "ப்யெரோகீ ருஸ்க்யெ" என்ற வகையின் உள்ளே உருளைக்கிழங்கும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும்தான். ஆனால் மேலே பன்றிக் கொழுப்பைப் பொரித்த துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். அவற்றின் பெயர் "ஸ்க்வார்க்கீ". "பெஸ் ஸ்க்வாரெக்" என்று சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். இந்த வகை 2022-க்குப் பின் சில உணவகங்களில் "ப்யெரோகீ உக்ராயீன்ஸ்க்யெ" என்ற பெயரில் மெனுவில் இருக்கிறது. உள்ளே இருப்பது அதே பொருள்தான். முட்டைக்கோசும் காளானும் வைத்தது "ஸ் காப்புஸ்தொன் ஈ க்ஜிபாமீ".

"ஜூரெக்" புளிக்கவைத்த கம்பு மாவுச் சூப், ஆனால் அதில் வெள்ளைத் தொத்திறைச்சி மிதக்கும். "ரொஸூவ்" தெளிவான சூப் போலத் தெரிந்தாலும் இறைச்சி வேகவைத்த நீர். "பீகோஸ்" பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், புளித்த கோசுக்குள் பல வகை இறைச்சி. உருளைக்கிழங்கு அடையான "ப்லாத்ஸ்கீ ஸ்யெம்ன்யாச்சானெ" பார்க்கச் சைவம்தான், ஆனால் எதில் பொரித்தது என்று கேட்க வேண்டும். இங்கே ஏழாம் வேற்றுமை, "ம்யெய்ஸ்த்ஸொவ்னீக்", வருகிறது:

"ச்சி தோ யெஸ்த் ஸ்மாஜொனெ நா ஸ்மால்த்ஸு, ச்சி நா ஒலெயு?" இது பன்றிக் கொழுப்பில் பொரித்ததா, எண்ணெயிலா?

கொழுப்பு "ஸ்மாலெத்ஸ்", எண்ணெய் "ஒலெய்". வெண்ணெய் "மாஸ்வோ", வெண்ணெயில் என்றால் "நா மாஷ்லெ". ஏழாம் வேற்றுமையில் அடிச்சொல்லின் மெய்யே மென்மையாகிவிடுவதால் அகராதிச் சொல் அடையாளம் தெரியாமல் போவதுண்டு. நல்ல செய்தி, இந்த வேற்றுமை முன்னால் ஒரு சிறு சொல் இல்லாமல் வராது. "நா", "வ்", "ப்ஷி" ஏதாவது ஒன்று முன்கூட்டியே மணியடிக்கும். சன்னலோரம் "ப்ஷி ஒக்ன்யெ". ஏழு கறியை விளக்க வாழையிலையில் என்று சொல்ல "நா லீஷ்ச்சு பானானோஃப்த்ஸா".

மீனும் வேண்டாம் என்றால் தனியாகச் சொல்லுங்கள். "ம்யென்ஸோ" என்ற சொல்லில் மீன் அடங்காது என்று நினைப்பவர் அங்கே அதிகம்: "ந்யெ யெம் ம்யென்ஸா ஆனீ ரிப்".

கையில் காசு குறைவாக இருந்தால் "பார் ம்லெச்னி" என்னும் பால் உணவகங்களைத் தேடுங்கள். முதலாவது 1896-இல் வார்சாவின் நோவி ஷ்வ்யாத் தெருவில் திறந்தது. பால், மாவு, முட்டை, காய் வகைகளே அங்கே பிரதானம், மலிவு. மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கல்லாவில் "போப்ரோஷெ" சொல்லிப் பணம் கட்டி, ரசீதை அடுக்களைச் சன்னலில் நீட்ட வேண்டும். உங்கள் உணவின் பெயரை அவர்கள் கூவும்போது காதைத் தீட்டி வைத்திருங்கள். "நா ம்யெய்ஸ்த்ஸு, ச்சி நா வினோஸ்?" என்று கேட்டால் இங்கேயே சாப்பிடவா, எடுத்துப் போகவா என்று பொருள்.

எனக்கு ருசிக்கிறது: நான்காம் வேற்றுமை

இதில் பிரெஞ்சுக்காரர் தடுமாறுவார், நாம் தடுமாற மாட்டோம். "ஸ்மாக்கூயெ மீ" என்றால் எனக்கு ருசியாக இருக்கிறது. "மீ" நம் "எனக்கு". எழுவாய் உணவுதான், ஆகவே உணவு பன்மையானால் வினையும் பன்மையாகும்: "ஸ்மாக்கூயொன் மீ தெ ப்யெரோகீ". குளிர்கிறது என்பதும் "ஸீம்னோ மீ", எனக்குக் குளிர்கிறது. "நான் குளிர்ந்தவன்" என்கிற மாதிரி "யெஸ்தெம் ஸீம்னி" சொல்லிவிட்டால் உணர்ச்சியற்ற ஆள் என்று பொருள் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் "எனக்கு ப்யெரோகீ பிடிக்கும்" என்று பொதுவாகவும் சொல்வோம். அந்தப் பொது விருப்பத்துக்கு "லூப்யெ ப்யெரோகீ", நான் விரும்புகிறேன் என்று இரண்டாம் வேற்றுமை. "ஸ்மாக்கூயெ" இப்போது வாயில் இருக்கும் உணவுக்கு.

பரிமாறுபவர் கேட்கும்போது ஆணுக்கு "ச்சி ஸ்மாக்கூயெ பானு?", பெண்ணுக்கு "பானீ", தம்பதிக்கோ கூட்டத்துக்கோ "பான்ஸ்த்வு".

பான், பானீ

முன்பின் தெரியாத பெரியவரை "நீ" என்று அழைப்பது போலிஷில் முரட்டுத்தனம். "நீங்கள்" என்பதற்கும் தனிச்சொல் கிடையாது. ஆணைப் "பான்", பெண்ணைப் "பானீ" என்று படர்க்கையில் பேசுவார்கள். வினையும் படர்க்கை ஒருமை. "அம்மா என்ன சாப்பிடுறாங்க?" என்று எதிரே நிற்பவரிடமே கேட்கும் பழைய மரியாதைதான் அது. வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம், அவரிடம்தான் பேசுகிறீர்கள். "த்ஸோ பானீ ஸாமாவ்யா?" அம்மா என்ன ஆர்டர் செய்கிறீர்கள்? பிரெஞ்சு "வூ" மாதிரி பன்மை வினையைப் போட்டால் தவறாகிவிடும், பலர் என்றால் மட்டும் "த்ஸோ பான்ஸ்த்வோ ஸாமாவ்யாயொன்?"

வெயிட்டரைக் கூப்பிட எட்டாம் வேற்றுமை இருக்கத்தான் செய்கிறது. இன்று அதை விட்டு "ப்ஷெப்ராஷாம்" (மன்னிக்கவும்) என்று சொல்லிக் கையை லேசாக உயர்த்துவதே நாகரிகம்.

தன்மையிலும் பால் உண்டு என்பதை மறக்காதீர்கள். தமிழில் "நான் கேட்டேன்" எல்லாருக்கும் ஒன்றே. போலிஷில் ஆர்டர் செய்தேன் என்று ஆண் "ஸாமூவீவெம்" என்பார், பெண் "ஸாமூவீவாம்" என்பார். "எனக்கு வேண்டும்" என்பதன் நயமான வடிவமும் ஆணுக்கு "ஹ்ச்சாவ்பிம்", பெண்ணுக்கு "ஹ்ச்சாவாபிம்". ஆண் ஆசிரியரிடம் கற்ற பெண்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை.

இரண்டு காப்பியும் ஐந்து காப்பியும்

எண்களுக்கு நம் மூன்று மொழிகளில் எதுவும் உதவாது. ஒரு காப்பி "யெத்னொன் காவெ". இரண்டு, மூன்று, நான்கு வரை சாதாரணப் பன்மை: "த்வ்யெ காவி", "த்ஷி காவி", "ச்தெரி காவி". ஐந்து வந்ததும் ஆறாம் வேற்றுமைப் பன்மை: "ப்யெஞ்ச் காஃப்". உருபே இல்லாமல் மொட்டையாக நிற்பதுதான் பெண்பால், அலிப்பால்களின் ஆறாம் வேற்றுமைப் பன்மை. கடைசியில் நின்றுபோன "வ்", "ஃப்" ஆகிவிட்டது. பீரும் அப்படியே, "த்வா பீவா", "ப்யெஞ்ச் பீஃப்". ஆண்பாலுக்கு மட்டும் "ஊஃப்" ஒட்டும்: "ஜெஷென்ச் ப்யெரோகூஃப்", பத்து ப்யெரோகீ. "இரண்டு" பெண்பாலுக்கு "த்வ்யெ", மற்றவற்றுக்கு "த்வா".

5 முதல் 21 வரை ஆறாம் வேற்றுமை. 22, 23, 24 மறுபடி சாதாரணப் பன்மை. 25 முதல் மீண்டும் ஆறாம் வேற்றுமை. 12, 13, 14 மட்டும் இரண்டு, மூன்று, நான்கில் முடிவது போலத் தெரிந்தாலும் ஆறாம் வேற்றுமைப் பக்கமே. விலை கேட்கும்போது இதுவே வரும்: 22 ஸ்வோத்தி (போலந்து நாணயம்) என்றால் "த்வாஜெஷ்ச்சா த்வா ஸ்வோத்தெ", 25 என்றால் "த்வாஜெஷ்ச்சா ப்யெஞ்ச் ஸ்வோத்திஹ்". ஒரு ஸ்வோத்திக்கு 100 க்ரோஷ்.

பயிற்சிக்கு ஏழு வேற்றுமை அட்டவணை போட்டு உட்கார வேண்டாம், சலித்துப்போகும். பத்து உணவுப் பெயர்களை எடுத்து ஒவ்வொன்றையும் ஐந்து வாக்கியத் துண்டுகளில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஒன்று கொடுங்கள், இரண்டு, ஐந்து, அது இல்லாமல், அதைச் சேர்த்து. சாலட்டுக்கு: "யெத்னொன் ஸாவாத்கெ, த்வ்யெ ஸாவாத்கீ, ப்யெஞ்ச் ஸாவாத்தெக், பெஸ் ஸாவாத்கீ, ஸ் ஸாவாத்கொன்." மெனுச் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்தவர் வாக்கியத்தில் அதை அடையாளம் காணாமல் விழிப்பார். இந்த ஐந்தோடு படித்தவர் கேட்டதும் பிடித்துக்கொள்வார்.

பில் வரும்போது

"போப்ரோஷெ ராஹூனெக்" என்றால் பில் கொடுங்கள். உயிரற்ற ஆண்பால், ஆகவே மாறவில்லை. "ராஸெம், ச்சி ஒஸோப்னோ?" என்று கேட்டால் சேர்த்தா, தனித்தனியாகவா. "கார்த்தொன், ச்சி கொத்தூஃப்கொன்?" என்ற கேள்வி இப்போது உங்களுக்குப் பழையது.

சாப்பாட்டை வைக்கும்போது பரிமாறுபவர் "ஸ்மாச்நெகோ" என்பார். வாழ்த்துகள் ஆறாம் வேற்றுமையில் வரும் என்பதால் அந்த முடிவு. "ப்ரோஷெ" என்ற சொல்லை தயவுசெய்து, இந்தாருங்கள், பரவாயில்லை, என்ன சொன்னீர்கள் என்று பல இடங்களில் கேட்பீர்கள். குரலின் ஏற்ற இறக்கம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நன்றிக்கு "ஜென்குயெ". ஆனால் ரொக்கத்தை நீட்டியபடியே அதைச் சொல்லாதீர்கள். "மீதி உங்களுக்கே" என்று எடுத்துக்கொள்வார்கள். 60 ஸ்வோத்திக்கான பில்லுக்கு 100 நீட்டி "ஜென்குயெ" சொன்னால் 40 திரும்பாமல் போகலாம். பணம் தரும்போது "ப்ரோஷெ" சொல்லுங்கள். மீதி கைக்கு வந்து, பத்து விழுக்காடு அளவில் மேசையில் வைத்த பிறகு "ஜென்குயெ" சொல்லிக்கொள்ளலாம்.